மூன்று மடங்கு வெளிச்சம்

காலை பத்தரை மணி. ஸ்கேன் அறைக் கணினியில் அந்த எண்ணைப் பார்த்ததும் தலைமை மருத்துவர் எழுந்தே விட்டார். பரிசோதனைக்கு வந்த பாட்டு டீச்சரின் இதயத்துக்கு, வழக்கத்தைவிட மூன்று மடங்கு கதிர்வீச்சு!

படத்தில் உறுப்புகளை ஒளிரச் செய்யும் கதிரியக்க மருந்தை ஊசியில் போட்ட டெக்னீஷியனின் முகம் வெளுத்தது.

"அளந்துதான் போட்டேன் சார். இத்தனை வருஷத்துல ஒரு சொட்டு பிசகினதில்ல."

"பிசகாம எப்படிப்பா இவ்வளவு ஏறும்? விசாரணை முடியற வரைக்கும் நீ ஊசியைத் தொடாதே."

கதிர்வீச்சைக் கணக்கிடும் இயற்பியலாளர் வந்தார். ஆஸ்பத்திரியில் எல்லாருக்கும் அவர் 'கணக்கு அக்கா'. படத்தை நிதானமாகப் பார்த்தார்.

"கல்லீரல்ல எவ்வளவு?"

"வழக்கம்போலத்தான்."

"சிறுநீரகத்துல?"

"அதுவும் அப்படித்தான்."

"மருந்து கூடப் போயிருந்தா எல்லா இடத்துலயும் ஏறணுமே சார். இதயத்துக்கு மட்டும் என்ன தனிக் கவனிப்பு?"

அக்கா கதவைத் திறந்துகொண்டு போனார்.

வெளியே டீச்சரும் அவர் கணவரும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள்.

"படம் எடுக்கறப்போ ஏதாவது சிரமமா இருந்துச்சாம்மா?"

"மல்லாந்து படுத்தாலே நெஞ்சு எரியும். தலைகாணி கேட்டேன், தரல."

கணவர் குறுக்கிட்டார். "புளிச்ச ஏப்பம் தொண்டை வரைக்கும் வரும்மா. வீட்ல இருக்கற தலைகாணி மொத்தமும் இவளுக்குத்தான். நான் கையை மடிச்சு வெச்சுப் படுக்கறேன்."

அக்காவின் முகம் மலர்ந்தது.

"கொஞ்சம் தண்ணி குடிச்சிட்டு உள்ள வாங்க. இந்தத் தடவை உட்கார்ந்தபடியே எடுப்போம். பக்கவாட்டுலயும் ஒண்ணு."

புதிய படத்தில் இதயம் தனியாகத் தெரிந்தது. அதற்குப் பின்னால் இன்னொரு வெளிச்சம், கீழே நழுவிக்கொண்டிருந்தது.

"குற்றவாளி இவங்க வயிறு சார்," என்றார் அக்கா. "மருந்து கல்லீரல் வழியா குடலுக்கு இறங்கும். கொஞ்சம் எதிர்த்து வயித்துக்குள்ளயும் ஏறும். இவங்களுக்கு வயித்தோட மேல்பக்கம் நெஞ்சுக்குள்ள நுழைஞ்சு இதயத்துக்குப் பின்னால ஒளிஞ்சிருக்கு. முன்னாலருந்து பார்த்தா ரெண்டும் ஒண்ணாத் தெரியும். வயித்தோட வெளிச்சத்தையும் இதயத்தோட கணக்குல சேர்த்துட்டோம். நெஞ்சு எரியுதுன்னு அவங்க சொன்னதை யாரும் காதுல வாங்கல."

பிரித்துக் கணக்கிட்டதும் எண் வழக்கமான அளவுக்கு இறங்கியது. மருத்துவர் டெக்னீஷியனின் தோளைத் தொட்டார்.

"அவசரப்பட்டுட்டேன்ப்பா. மனசுல வெச்சுக்காதே."

"அப்போ என் இதயம்?" என்றார் டீச்சர்.

"கல்லு மாதிரி இருக்கும்மா. வயித்துக்கு மட்டும் வைத்தியம் பாருங்க."

"ஐயோ, இதயம்னு பயந்து பாட்டையே நிறுத்திட்டேனே!"

நடையில் போகும்போதே டீச்சர் மெல்லப் பாடத் தொடங்கினார். வாசலில் நின்ற டெக்னீஷியன் அந்தக் குரல் தேயும் வரை கேட்டுவிட்டு, அடுத்த ஊசிக்கு மருந்தை அளக்கப் போனான்.