ஏரிக்கரைக்குப் போகாதவள்

காலையிலேயே வீடு ரெண்டுபட்டது. தெலங்கானாவின் பூப்பண்டிகையான பதுகம்மாவுக்குப் பிறந்த வீடு வந்த கனகலட்சுமி, அண்ணி சுகுணாவின் அறைக்கு வெளியே பூட்டுத் தொங்குவதைப் பார்த்துவிட்டாள். சாவி, அண்ணன் மகள் ஸ்வரூபாவின் கழுத்தில். பதினைந்து வயதுப் பெண்!

"பெத்தவளைப் பூட்டி வைக்கிறியே, நீயெல்லாம் ஒரு பொண்ணாடி? எங்கண்ணன் துபாய் வெயில்ல காயறான். நீ இங்க சாவிய மாட்டிக்கிட்டு மகாராணி மாதிரி திரியறே..."

ஸ்வரூபா சாவியை இறுகப் பிடித்துக்கொண்டாள். என்னவென்று சொல்வாள்? ஏரித் தண்ணீர் தன்னைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறது என்றாள் அம்மா. புத்தி தெளிந்திருந்த ஒரு நாளில் மகள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "யார்கிட்டயும் சொல்லாத கண்ணு... கொண்டுபோய்க் கட்டிப் போட்டிருவாங்க." அன்றிலிருந்து ஸ்வரூபாவுக்குப் பள்ளிக்கூடம் பாதி நாள்தான். ஏரிக்கரைப் பக்கம் அவளும் போவதில்லை. அந்தக் குரல் தனக்கும் கேட்டுவிட்டால்? அந்தப் பயம் அவளைத் தின்றுகொண்டிருந்தது.

அத்தை சாவியைப் பிடுங்கினாள். வீட்டு மருமகள் ஆடாமல் பதுகம்மா போகக் கூடாது என்பது அவள் கட்சி. அண்ணிக்குத் தலைவாரிப் பட்டுடுத்தி, சாயங்காலம் ஏரிக்கு அழைத்துப் போனாள். பெண்களோடு சேர்ந்து சுகுணா சிரித்துக்கொண்டே சுற்றி ஆடினாள். பார்த்தாயா என்பதுபோல அத்தை ஸ்வரூபாவைப் பார்த்தாள். ஆவாரம்பூவும் சாமந்தியும் கோபுரமாய் அடுக்கி அம்மனாகக் கும்பிட்ட பதுகம்மாவை நீரில் இறக்கும் உரிமையையும் அண்ணிக்கே கொடுத்தாள்.

"போயிட்டு வா தாயே, போயிட்டு வா" என்று பெண்கள் வழியனுப்பினார்கள்.

சுகுணா போனாள். மிதந்து போகிற பூவின் பின்னாலேயே... முழங்கால், இடுப்பு, மார்பு...

கரையெல்லாம் கூச்சல். ஸ்வரூபா மட்டும் கத்தவில்லை. கத்தினால் அம்மா மிரண்டு ஓடுவாள் என்று அவளுக்குத் தெரியும். தண்ணீரில் இறங்கி, முன்னால் போய் வழிமறித்து நின்றாள்.

"அம்மா, அடுப்புல சோறு வச்சிட்டு வந்துட்டியே. தீயுது பாரு."

சுகுணா விழித்தாள். "ஐயையோ, அடிபுடிச்சிருக்கும்டி..." என்று திரும்பிக் கரையேறினாள்.

ஸ்வரூபா எல்லாவற்றையும் சொல்லி முடித்ததும், கனகலட்சுமி ஈரத்தோடு நின்ற அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். "இதையாடி தனியா சுமந்தே? நான் பாவிடி... நாளைக்கே நல்ல டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறேன். கட்டிப்போட எவனையும் விடமாட்டேன். நீ பள்ளிக்கூடம் போ."

ஸ்வரூபா அவள் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

"அத்தே... அவ்வளவு நேரம் தண்ணிக்குள்ள நின்னேன்... எனக்கு எதுவுமே கேக்கல அத்தே."