கரடியூர் வழி விளக்குகள்

சத்யராஜ் எங்கள் வீட்டுக்கு வந்தபோது பகல் மூன்று மணி. ஏற்காட்டு மலையில், எங்கள் ஊர் கொட்டச்சேட்டில், அன்று காலையிலிருந்தே மேகம் தரை வரை இறங்கியிருந்தது. காப்பிச் செடிகளுக்கு நடுவே பைக் சத்தம் மட்டும் முதலில் கேட்டது. ஆள் வாசலுக்கு வந்த பிறகுதான் முகம் தெரிந்தது.

“வாங்க மாப்ள. நொம்ப நனைஞ்சுட்டீங்களே,” என்று அம்மா துண்டு எடுத்துக் கொடுத்தாள்.

ஆவணியில் எனக்கும் அவருக்கும் கல்யாணம். இன்னும் இருபது நாள் இருந்தது.

அவர் தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னார். “பவித்ராவோட கம்ப்யூட்டரை எடுத்துட்டுப் போலாம்னு வந்தேனுங்க அத்தை. சும்மா கிடந்தா ஈரத்துல கெட்டுப்போயிரும். உள்ளே இருக்கறதை நான் பத்திரப்படுத்தி வைக்கறேன்.”

அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. பவித்ரா என் அக்கா. போன வருஷம் பங்குனியில், தூறல் விழுந்துகொண்டிருந்த ஒரு சாயங்காலம், கரடியூர் மலைமுனையிலிருந்து விழுந்து இறந்துபோனாள். அங்கே தனியாக ஏன் போனாள் என்று யாருக்கும் புரியவில்லை. அன்றைக்குச் சேலத்தில் இருந்ததாகச் சொன்ன சத்யராஜ் ஓடி வந்து எங்களோடு அழுதார். காரியம் முடியும்வரை மகனைப் போல முன்னால் நின்றார். அதைப் பார்த்துத்தான் அப்பா என்னை அவருக்குக் கொடுக்கச் சம்மதித்தார். எனக்கும் மனசார சம்மதம்தான்.

அக்காவும் அவரும் ஒரே கல்லூரியில் படித்தவர்கள். கட்டை கட்டையாக அடுக்கி எதை வேண்டுமானாலும் கட்டக்கூடிய ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டில், இரண்டு வருஷம் உட்கார்ந்து எங்கள் மலையையே கட்டினார்கள். அக்காவின் கம்ப்யூட்டரில் இருந்த அந்த மலைக்குள் அவர் தன் வீட்டிலிருந்தே இணைந்துகொள்வார். ஏரி, கொண்டை ஊசி வளைவுகள், ஒண்டிக்கடை ரவுண்டானா, எங்கள் வீடு, எல்லாம் அதில் இருந்தன. வீடுகளும் மரங்களும் அவர் வேலை. விளக்குகள் முழுக்க அக்காவுடையவை. விளையாட்டோடு ‘மாட்’ என்கிற கூடுதல் நிரல் ஒன்றைச் சேர்த்தால் அதற்குள்ளேயே குட்டிக் கம்ப்யூட்டர்கள் வைக்கலாம். அவற்றில் அக்கா கட்டளை வரிகளாக ஸ்கிரிப்ட் எழுதினாள். ஆள் பக்கத்தில் வந்தால் தெருவிளக்கு எரியும். தாண்டிப் போனால் அணையும். ஆள் இல்லாமல் ஒரு விளக்கும் எரியாது.

அந்த மலையைக் காட்டித்தான் அவருக்குக் கோயம்புத்தூரில் ஒரு விளையாட்டு கம்பெனியில் வேலை கிடைத்தது. “ரெண்டு பேரோட உழைப்புங்க அது,” என்று அப்பாவிடம் சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அக்காவின் அறையைத் திறந்தேன். ஈரச் சுவரின் வாடை. அதற்கு அடியில், தலைவலிக்கு அவள் தேய்த்துக்கொள்ளும் நீலகிரித் தைலத்தின் வாசனை.

யாரோ இப்போதுதான் தேய்த்துக்கொண்டதுபோல.

அவர் உடனே ஒயர்களைக் கழற்றக் குனிந்தார்.

“ஒரே ஒரு தடவை பாத்துக்கறேனுங்க மாமா. அவ கட்டுன நம்ம ஊட்டைப் பாக்கோணும்.”

“நேரமாகுது மலரு. மழை புடிச்சுக்கும்.”

“பாக்கட்டும் மாப்ள. நான் காப்பி வைக்கறேன்,” என்று அம்மா சமையலறைக்குப் போனாள்.

விளையாட்டு எங்கள் வீட்டு வாசலில் திறந்தது. அங்கே அந்தி நேரம். நான் ஓரடி நகர்ந்தேன். பக்கத்து விளக்கு எரிந்தது.

அப்போது தூரத்தில், கரடியூர் போகும் வழியில், இன்னொரு விளக்கு எரிந்தது.

நான் அங்கே இல்லை.

அது அணைந்தது. அதற்கு அடுத்தது எரிந்தது. பிறகு அதற்கு அடுத்தது. யாரோ நடந்து போகிற வேகம்.

“உள்ளே வேற யாராச்சும் இருக்காங்களா?” என்றேன்.

அவர் ஒரு பொத்தானை அழுத்திப் பார்த்தார். உள்ளே இருப்பவர்கள் பட்டியலில் ஒரே ஒரு ஆள்தான் இருந்தது, அது நான்.

“ஸ்கிரிப்ட் கோளாறு. மூடு அதை.” அவர் குரல் காய்ந்திருந்தது.

நான் மூடவில்லை. அந்த வெளிச்சத்துக்குப் பின்னால் போனேன். நான் நின்றால் அதுவும் நின்றது.

எனக்காகக் காத்திருந்தது.

மலைமுனையில் ஒரு சின்னக் குடிசை. அதன் வாசல் விளக்கு எரிந்தது, அணையவில்லை. உள்ளே ஒரு குட்டிக் கம்ப்யூட்டர் இருந்தது. தொட்டவுடன் எழுத்துகள் விரிந்தன. அவர்கள் இருவரும் ஒருவருக்கொருவர் எழுதி வைத்துக்கொள்ளும் இடம் போலிருக்கிறது. கடைசி இரண்டு வரிகளைப் படித்தேன்.

‘பவி: நாம செஞ்சதை கம்பெனிக்கு அனுப்புனப்போ என் பேரை ஏன் எடுத்தே சத்யா?’

‘சத்யா: நேர்ல சொல்றேன். இன்னைக்கு நாலு மணிக்கு கரடியூர் முனைக்கு வா. ஊட்டுல சொல்லாதே.’

தேதி, அவள் இறந்த நாள்.

திரும்பிப் பார்த்தேன். அவர் சுவரிலிருந்த பிளக்கைப் பிடுங்கினார்.

திரை அணையவில்லை.

மானிட்டர் ஒயரையும் உருவினார். ஒயர் அவர் கையில் தொங்கியது. குடிசை விளக்கு திரையில் எரிந்துகொண்டே இருந்தது. தைல வாசனை மூச்சை அடைத்தது.

“நீங்க சேலத்துல இல்லையா அன்னைக்கு?” என் குரல் எனக்கே கேட்கவில்லை.

அவர் என்னைப் பார்க்கவில்லை. திரையைப் பார்த்தே முணுமுணுத்தார்.

“நான் தள்ளல. சத்தியமா தள்ளல. சண்டை போட்டுட்டே பின்னாடி போனா. வழுக்கிருச்சு. ஒரு வேரைப் புடிச்சுட்டு இன்னொரு கையை நீட்டினா.”

“நீங்க புடிக்கலையா?”

“மேல வந்தா எல்லார்கிட்டயும் சொல்லிருவாளேன்னு... ஒரு நிமிஷம் யோசிச்சுட்டேன்.”

அவர் நீட்டாத அந்தக் கையைப் பிடித்துக்கொண்டுதான் போன வாரம் ஒண்டிக்கடையில் கல்யாணப் புடவைக்கு ஜாக்கெட் தைக்கக் கொடுத்துவிட்டு வந்தேன்.

வாசற்படியில் அம்மா காப்பியோடு நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ.

“எம்புள்ளையைச் சாக உட்டுட்டு,” என்றாள் மெதுவாக, “இந்தக் கையால போட்ட சோத்தைத் தின்னியாடா?”

அவர் அம்மாவைத் தாண்டி ஓடினார். பைக் கிளம்பும் சத்தம் கேட்டது. நான் வாசலுக்கு ஓடினேன். வெளியே வெறும் வெள்ளை மேகம். எங்கள் எஸ்டேட் வழியில் தெருவிளக்கே கிடையாது.

பைக்குக்கு முன்னால் மஞ்சளாக ஒன்று எரிந்தது.

அணைந்தது. சற்றுத் தள்ளி அடுத்தது எரிந்தது.

பைக் சத்தம் அதன் பின்னாலேயே போனது. அது ஏற்காடு போகிற வழி இல்லை, கரடியூர் போகிற வழி.

அப்பா எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர். விஷயம் கேட்டதும் வாட்ச்மேன் வேடியப்பனைக் கூட்டிக்கொண்டு கரடியூர் போனார். முனையின் விளிம்பில், அக்கா விழுந்த பிறகு போட்ட தடுப்புக் கம்பியைக் கட்டிப் பிடித்தபடி சத்யராஜ் உட்கார்ந்திருந்தாராம். “லைட்டை நிறுத்தச் சொல்லுங்க,” என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னாராம். வேடியப்பன் சுற்றிலும் பார்த்தார். அங்கே வெளிச்சம் எதுவும் இல்லை. போலீஸிடம் எல்லாவற்றையும் அவரே சொல்லிவிட்டார். வழக்கு நடக்கிறது.

அதற்குப் பிறகு கம்பெனிக்காரர்கள் அந்த மலையை அக்காவின் பெயரிலேயே வெளியிட்டார்கள். விசாரிப்பவர்களுக்கு என் முகவரியைக் கொடுத்திருந்தார்கள். நிறையப் பேர் விளையாடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு, அம்மா பல மாதங்களுக்குப் பிறகு லேசாகச் சிரித்தாள்.

போன வாரம் திருநெல்வேலியிலிருந்து முன்பின் தெரியாத ஒரு பெண் எனக்கு எழுதியிருந்தாள்.

‘விளக்குகள் அருமை. ஒரு சந்தேகம். மலைமுனைக்குக் கீழே ஒரு பெண் உருவம் தொங்குகிறது. கிட்டே போனால் கையை நீட்டுகிறது. அதை எந்த ஸ்கிரிப்டில் எழுதினீர்கள்?’

கம்பெனியில் கேட்டேன். அப்படி ஓர் உருவத்தை யாரும் வைக்கவில்லை. அந்த விளையாட்டில் எந்த உருவத்துக்கும் அப்படிக் கையை நீட்ட வராது என்றார்கள்.

வெகுநேரம் யோசித்துவிட்டு, அந்தப் பெண்ணுக்கு ஒரு வரி மட்டும் எழுதினேன்.

‘கையைப் பிடித்தீர்களா?’

இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது.

‘பிடித்தேன். அன்றைக்கே கம்ப்யூட்டரை அணைத்துவிட்டேன். என் கை இன்னும் சில்லென்றிருக்கிறது. அந்தக் கை விட மாட்டேன் என்கிறது.’