கடைசி ரிப்போர்ட் போகும்வரை

“இதை எழுதின ஆள் மட்டும் என் கையில கிடைக்கட்டும்... அப்ப இருக்கு!”

மருத்துவமனை லேப் வாசலில் குடையை உதறிக்கொண்டிருந்தவள் திடுக்கிட்டாள். வார்டுக்கு ரிப்போர்ட் அனுப்பும் அந்தச் சாஃப்ட்வேரை எழுதியவள் அவள்தான்...

உள்ளே லேப்காரன் கம்ப்யூட்டரை முறைத்துக்கொண்டிருந்தான். அவள் பக்கம் திரும்பினான். கோபத்திலும் சிரிக்க மறக்காத கண்கள். ‘பாவி... இப்படியா பார்ப்பது?’

“கம்பெனியிலேருந்து வர்றேன்” என்றாள்.

“வாங்க மேடம். நேத்து அனுப்பின பதினேழு ரிப்போர்ட் வார்டுக்குப் போகவே இல்ல. கம்ப்யூட்டரை மூடினதும் முழுங்கிடுச்சு. மாடி மாடியா ஏறி நானே குடுத்தேன். ஒரு பாப்பாவுக்கு ஆபரேஷனே தள்ளிப்போச்சு!”

அவளுக்குக் கோளாறு புரிந்துவிட்டது. அனுப்பும் ரிப்போர்ட்டுகள் வரிசையில் சேரும். திரைக்குப் பின்னால் தனியாக ஓடும் ‘த்ரெட்’ என்ற துணை நிரல் ஒவ்வொன்றாக எடுத்து அனுப்பும். திரை உறைந்து நிற்காமலிருக்க அவள் செய்த ஏற்பாடு அது. அவளுடைய அலுவலகத்தில் யாரும் கம்ப்யூட்டரை அணைப்பதே இல்லை. இங்கேயோ ஷிஃப்ட் முடிந்தால் விளக்கு, மின்விசிறி, கம்ப்யூட்டர்... எல்லாம் ஒரே மூச்சில் அணையும். வரிசையில் காத்திருந்தவையும் அதோடு போயின.

அன்றே திருத்தினாள். இனி வரிசை காலியாகாமல் சாஃப்ட்வேர் மூடாது. ஆனாலும், ‘சோதிக்கணும்’ என்று மேலும் மூன்று நாள் வந்தாள். அவன் தினமும் தேநீர் வாங்கிக் கொடுத்தான்; கூடவே அந்த ‘ஆளுக்கு’ அர்ச்சனையும்.

“தூங்கிக்கிட்டே எழுதியிருப்பான் போல!”

“இருக்கும்... இருக்கும்...” என்று சிரித்துவைப்பாள். உண்மையைச் சொன்னால் அப்புறம் முகம் கொடுத்துப் பேசுவானா? தன்மானம் வேறு வாயைக் கட்டிப்போட்டது.

நான்காம் நாள் கூட்டம் அதிகம். அவன் மூடும் பொத்தானை அழுத்தியபோது, ‘காத்திருக்கவும்... இன்னும் நாற்பது’ என்றது திரை. இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். பத்து... மூன்று... ஒன்று...

தொலைபேசியில் வார்டு நர்ஸ். “நாற்பதும் வந்துடுச்சு தம்பி! ஆபரேஷன் ஆன பாப்பாவும் இன்னிக்கு வீட்டுக்குப் போறா.”

அப்பாடா! அவள் கண்கள் கலங்கிவிட்டன.

“அந்த ஆள்... நான்தாங்க.”

அவன் எழுந்தேவிட்டான். “ஐயோ! நான் திட்டினதெல்லாம்...?”

“ஒண்ணு விடாம கேட்டேன்.”

“அப்புறமும் ஏன் தினம் வந்தீங்க?”

“முதல் நாளே சரியாயிடுச்சு...” அவள் தரையைப் பார்த்தாள். “மத்த மூணு நாளும் உங்களைப் பார்க்கத்தான்...”

அவன் காது மடல்கள் சிவந்தன. மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு தாளை எடுத்தான். ‘கோளாறு சரியானது’ என்று கம்பெனிக்கு அவன் எழுதித்தர வேண்டிய தாள். கையெழுத்திடும் இடம் காலியாக இருந்தது.

“சரியானது எனக்கும் முதல் நாளே தெரியுங்க. கையெழுத்துப் போட்டுக் குடுத்தா... மறுநாள் நீங்க வர மாட்டீங்களே!”