சுண்ணாம்புமலைப் பிணையுரு

தாணுலிங்கம் சுண்ணாம்புமலை எல்லைச் சாவடியின் கண்ணாடியில் நெற்றியைப் பதித்து மூன்று எண்ணுவதற்குள், அந்தப் பக்கத்துப் பெஞ்சில் இன்னொரு தாணுலிங்கம் உட்கார்ந்து சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டது. காலையில் சவரம் செய்யும்போது பட்ட கீறல் முதற்கொண்டு அச்சு அசல்.

"போயிட்டு வாரேன்டே," என்றார் தாணுலிங்கம், வழக்கம்போல.

"சாள மீன செவுள் பாத்து வாங்கு. போன மாசம் ஏமாந்த மாதிரி ஏமாறாத," என்றது அது.

அதற்குப் பெயர் பிணையுரு. இந்த நாட்டு வண்டி இன்சூரன்ஸ் எல்லைக்கு அந்தப்புறம் செல்லாது. பிழைக்க வந்த வெளிநாட்டுக்காரர்கள் அங்கே போய் எதையாவது இடித்துவிட்டு, மறுநாளே விமானம் ஏறிச் சொந்த ஊரில் போய் இறங்கிவிடுவார்கள். காப்பீட்டு நிறுவனம் யாரைப் பிடிக்கும்? அதனால் எல்லை தாண்டுகிறவனின் நினைவையும் குணத்தையும் படியெடுத்து, ஒளியில் உருவம் கொடுத்து, சாவடியிலேயே உட்காரவைத்துவிட்டார்கள். போனவன் திரும்பி வந்ததும் பிணையுரு அவனை ஏற இறங்கப் பார்த்து, "போனவர் இவர்தான்" என்று சொல்ல வேண்டும். சொன்னதும் அதை அணைத்துவிடுவார்கள். எல்லாம் சுமுகம். தாணுலிங்கத்தைப்போல மாதம் ஒருமுறை மட்டும் போகிறவர்களுக்கு இதிலேயே மலிவாக ஒன்று உண்டு. 'எப்போதாவது திட்டம்' என்று பெயர்.

பெஞ்சின் கோடியில் எப்போதும் ஆறு பேர் டீ குடித்துக்கொண்டிருப்பார்கள். ஒளிக்கு எதற்கு டீ என்று தாணுலிங்கத்துக்கு ஒருமுறை தோன்றியது. கேட்க நினைத்து மறந்துபோனார்.

அவர் எல்லை தாண்டுவது மீனுக்காக. நாகர்கோவில்காரருக்கு அந்தப்புறத்துச் சாளையை நினைத்தாலே நாக்கு ஊறும். மற்றபடி பதினோரு வருடமாக ஒற்றை அறை. அலுவலக வேலை திரையில். ஊரில் இருக்கும் மனைவி பகவதியும் மகள் சுபிஜாவும் அவரைப் பார்ப்பதும் திரையில்தான். அன்று மாலை இங்கே மணி ஆறாகும்போது ஊரில் சுபிஜாவைப் பெண் பார்க்க வருகிறார்கள். அப்பா திரையில் வந்து நாலு வார்த்தை பேச வேண்டும்.

மீன் வாங்கித் திரும்பும்போது புழுதிக்காற்று கிளம்பியது. தானாக ஓடும் வண்டியின் கேமராக் கண்கள் அவிந்துபோயின. தானோட்டத்தை நிறுத்திவிட்டுக் கையாலேயே ஓட்டினார். பாலத்தை அடுத்த வளைவில் முன்பக்கம் 'தொப்'பென்று ஒரு சத்தம்.

கால் பிரேக்குக்குப் போனது. போன கால் திரும்பி வந்துவிட்டது. கண்ணாடியில் பார்த்தார், புழுதி.

"ஆடுதான்," என்று சத்தமாகச் சொன்னார். காரில் வேறு யாரும் இல்லை.

அதற்குப் பிறகு சாவடி வரும்வரை நாற்பது நிமிடமும் வண்டிக்கு அடியில் ஏதோ ஒன்று தட்டிக்கொண்டே வந்தது. வேகம் கூட்டினால் வேகமாக, குறைத்தால் மெதுவாக, கூப்பிடுகிற மாதிரி. இறங்கிக் குனிந்தால் என்னவென்று தெரிந்துவிடும். தெரிந்துவிடுமே என்றுதான் இறங்கவில்லை.

சாவடியில் நிறுவனத்தின் ஏஜெண்ட் புகாரி நின்றிருந்தார். காயல்பட்டினத்துக்காரர்.

"வாங்க அண்ணாச்சி. மீன் வாசம் எல்லைக்கே வருதே. சட்டுனு முகத்தக் காட்டிட்டுப் போங்க."

தாணுலிங்கம் கண்ணாடி முன் நின்றார். பெஞ்சிலிருந்து பிணையுரு எழுந்து வந்தது.

"வழியில ஒண்ணும் இல்லியே?"

"ஒண்ணும் இல்லடே," என்ற தாணுலிங்கத்தின் கை இடது காதைத் தடவியது.

பிணையுரு அந்தக் கையையே பார்த்தது. பொய் சொன்னால் அந்தக் கை எங்கே போகும் என்று உலகத்தில் வேறு யாருக்குத் தெரியும்?

"என்னத்த இடிச்ச?"

"ஆடு. ஒரு ஆடு."

"எறங்கிப் பாத்தியா?"

"புழுதி மக்கா. அதுவுமில்லாம ஆறு மணிக்கு..."

"எனக்கும் மகதான் அவ. எறங்கிப் பாத்தியான்னு கேட்டேன்."

தாணுலிங்கம் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

"இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போகல. திரும்பிப் போயி பாத்துட்டு வா. நான் இங்கதான இருக்கேன்."

"போயிட்டு வந்தா ஏழாயிரும்லே! மாப்ள வீட்டுக்காரங்க என்ன நெனப்பாங்க? இவர்தான்னு சொல்லித் தொலையேம்ல!"

பிணையுரு புகாரியின் பக்கம் திரும்பியது. குரலில் கோபம் இல்லை. காணாமல்போன ஒருவனைப் பற்றிப் போலீஸில் சொல்வதுபோலச் சொன்னது.

"காலையில போன ஆளு எறங்கிப் பாத்திருப்பான். இது அவன் இல்ல."

புகாரி சங்கடத்தோடு விதிப்புத்தகத்தைப் புரட்டினார். இப்படி நடந்தால் என்ன செய்வது என்று அதில் தெளிவாகவே போட்டிருந்தது. அடையாளம் மறுக்கப்பட்டவருக்குக் காப்பீடு இல்லை. காப்பீடு இல்லாதவருக்கு நாட்டுக்குள் அனுமதி இல்லை. எல்லை தாண்டாமல் இங்கேயே இருந்தவர் எவரோ அவரே வீட்டுக்கும் வேலைக்கும் உரியவர்.

"வெறும் வெளிச்சத்த வச்சு என்னவே பண்ணுவீரு? அது எப்படி வண்டி ஓட்டும்?"

"புழுதி அடங்கிட்டு அண்ணாச்சி. வண்டி தானா ஓடும். ஆபீஸ் வேல திரையில. வீட்டுல உங்கள பாக்கறதும் திரையில. நீங்கதான உடம்ப வச்சிக்கிட்டுச் சும்மா இருந்தீங்க," என்றார் புகாரி, ஆறுதல் சொல்கிற குரலில்.

உள்பக்கமாக மட்டும் திறக்கும் கதவு திறந்தது. தாணுலிங்கம் பெஞ்சில் உட்காரவைக்கப்பட்டார். மீன் பை மடிக்கு வந்தது. "எனக்கு எதுக்கு? நீயே வச்சுக்க," என்று சொல்லிவிட்டது பிணையுரு.

வண்டியின் முன் இருக்கையில் பிணையுரு ஏறி, சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டது. பிறகு கண்ணாடி வழியாக அவரைப் பார்த்தது.

"போயிட்டு வாரேன்டே."

வண்டி நகர்ந்ததும் அடியிலிருந்து ஏதோ கழன்று தரையில் விழுந்தது. புகாரி குனிந்து எடுத்துவந்து காட்டினார். அறுந்த கயிறு, அதில் ஒரு சின்ன மணி, கொஞ்சம் கறுப்பு மயிர்.

"ஆடுதான் அண்ணாச்சி!"

"பாத்தீரா! நான் சொன்னேம்லா! என்ன விடும்வே!"

"தெரிஞ்சா சொன்னீங்க?" என்று மெதுவாகக் கேட்டார் புகாரி. "இனி அவர் வந்து நீங்கதான்னு சொன்னா ஒழிய நான் ஒண்ணும் செய்ய முடியாது."

புகாரி போய் ஒரு டீ கொண்டுவந்து தாணுலிங்கத்தின் கையில் கொடுத்தார். சுடச்சுட இருந்தது. சுவர்க் கடிகாரத்தில் மணி ஆறு. ஊரில் பகவதி இப்போது திரையைத் துடைத்துவிட்டு, "இன்னிக்கு முகம் தெளிவா இருக்கு" என்று சொல்லிக்கொண்டிருப்பாள்.

பெஞ்சின் கோடியிலிருந்த ஒரு நரைத்த ஆள், டீயை உறிஞ்சிவிட்டுக் கேட்டார்.

"உம்ம பிணையுரு என்ன சொல்லிட்டுப் போனான்?"

"போயிட்டு வாரேன்னான்."

ஆறு பேரும் அதே வார்த்தையைக் கேட்டு அங்கே தங்கிப்போனவர்கள். கொஞ்சம் நகர்ந்து, அவர் வசதியாக உட்கார இடம் விட்டார்கள்.