ஞாயிற்றுக்கிழமை ஆஜர்

"சாயங்காலத்துக்குள்ள எங்கப்பா பேரைச் சுரண்டிடுவாங்க சார்," என்றாள் அந்த நர்ஸ்.

அவள் தேடி வந்தது, கோர்ட்டுக்குக் கையெழுத்து பார்த்துச் சொல்லியே தலை நரைத்தவரை. ஊர் வைத்த பெயர் பூதக்கண்ணாடி. பக்கத்தில் அவருடைய மச்சான். போட்டோ ஸ்டூடியோவைப் பூட்டிவிட்டுத் துப்பறிய ஓடி வருகிற ஆள்.

விஷயம் இதுதான். துறவிகளான பிரதர்கள் நடத்தும் ஆண்கள் பள்ளிக்கு நூறு வயது. வரலாற்றுப் புத்தகம் எழுதப் பழைய பதிவேடுகளைப் புரட்டியதில் வில்லங்கம் கிளம்பியது. முதல் மாணவர் பலகையில் இருக்கும் அவள் அப்பாவை, கடைசி இரண்டு வருஷமும் வகுப்பில் கூடப் படித்தவர்கள் யாரும் பார்த்ததே இல்லையாம், பரீட்சைக்குத்தான் வந்தாராம். பதிவேட்டிலோ தினமும் ஆஜர்! அப்பா போன வருஷம் இறந்துவிட்டார், பதில் சொல்ல ஆளில்லை. பலகையிலிருந்து பெயரை எடுத்துவிடப் பழைய மாணவர் சங்கம் முடிவு செய்துவிட்டது.

பள்ளிக்குப் போனதும் மச்சான்தான் முதலில் பதிவேட்டைப் பிரித்தார்.

"அடடா! மத்த பையன்களுக்கு ஒரே கையெழுத்து. இவருக்கு மட்டும் ஏழெட்டு கை. அதோட ஞாயித்துக்கிழமையும் ஆஜர்! திருட்டு மாட்டிக்கிச்சு."

நர்ஸ் தலைகுனிந்தாள். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம் என்று மச்சானுக்குத் தோன்றியது.

பூதக்கண்ணாடி பிரதர்களின் நாட்குறிப்பைப் படித்தார். பிறகு அவர்கள் குடியிருப்பைச் சுற்றி வந்தார். பின்வாசலுக்கு வெளியே ஒரு குழாய், கல்தொட்டி. தொட்டியில் செதுக்கியிருந்த வருஷமும் பதிவேட்டின் வருஷமும் ஒன்று.

மாலை, பலகைக்குக் கீழே எல்லோரும் கூடினார்கள். பெயின்டர் ஏணியோடு தயார். சங்கத் தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார். அந்தக் காலத்துப் பிரதர்களில் மிஞ்சிய ஒரே ஒருவர், தொண்ணூறு வயதில், நாற்காலியில்.

"பொய் எழுதுறவன் பக்கத்து வரிசையைப் பார்த்து எழுதுவான்," என்றார் பூதக்கண்ணாடி. "பள்ளிக்கூடம் பூட்டிக் கிடக்கிற நாள்ல ஆஜர் போட மாட்டான். இன்னொண்ணு, திங்கள்னா எப்பவும் ஒரே கை. செவ்வாய்னா வேற கை. மொத்தம் ஏழு. அப்போ இங்க இருந்த பிரதர்களும் ஏழு பேர்தான்."

"அதனால?" என்றார் தலைவர்.

"முறை வச்சு எங்கயோ போயிருக்காங்க. திரும்பி வந்ததும் உள்ள நுழையறதுக்கு முன்னாடி வெளியிலயே கை கழுவியிருக்காங்க. ரெண்டாம் வருஷக் கடைசியில, செவ்வாய்க்கிழமை கை நின்னுபோச்சு. அந்த நாளுக்கும் திங்கள்காரரே எழுதியிருக்கார். நாட்குறிப்பைப் பார்த்தேன். அதே வாரம் ஒரு பிரதர் காசநோய்ல இறந்திருக்கார்."

மச்சான் பதிவேட்டை மறுபடி பிரித்துப் பார்த்தார். மனுஷர்கள் இப்படியும் இருந்திருக்கிறார்களா!

"ஆறு மைல், சைக்கிள்ல," என்றார் கிழவர் மெதுவாக. "காசநோய் ஆஸ்பத்திரி, இவ அப்பன் ரெண்டு வருஷம் அங்கதான் இருந்தான். மருந்து சரியா வராத காலம். தினம் ஒருத்தர் போய் அன்னன்னிக்குப் பாடத்தை நடத்திட்டு வருவோம். வகுப்பு நடந்துச்சு, அவன் கேட்டான். ஆஜர் போடாம எப்படி?"

"இத்தனை வருஷம் ஏன் சொல்லல?" தலைவரின் குரல் இறங்கியிருந்தது.

"சொன்னா அவனுக்கு யார் வேலை குடுப்பா, யார் பொண்ணு குடுப்பா? விஷயத்தை வெளிய விடக்கூடாதுன்னு ஏழு பேரும் பேசிக்கிட்டோம். செத்துப்போனவர் உட்பட."

நர்ஸ் அவர் முன்னால் மண்டியிட்டாள். "உங்களுக்குப் பயமா இல்லையா பிரதர்?"

"இல்லாம என்னம்மா? திங்கக்கிழமை என் முறை. ஆஸ்பத்திரி கேட் வரைக்கும் போய் சைக்கிளைத் திருப்பிடலாமான்னு ஒவ்வொரு வாரமும் நினைப்பேன். உங்கப்பன் நோட்டைத் திறந்து வச்சுக்கிட்டு ஜன்னல்ல நிப்பான். எப்படித் திரும்புறது?"

அவள் விம்மி அழுதாள். தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். பிறகு பெயின்டரின் தோளைத் தொட்டு, அந்தப் பெயருக்குப் புதிதாகத் தங்க வர்ணம் பூசச் சொன்னார்.