முப்பத்தெட்டு கிலோ... இரண்டே கால் லிட்டர்!

"அய்யோ... கொலை! கொலை!"

விடிந்தும் விடியாததுமாக சரோஜம்மாள் போட்ட அலறலில், பாகலூர் ரோட்டுத் தெருவே அவள் வீட்டில் கூடிவிட்டது. பல் துலக்காதவர்கள்தான் முன்வரிசை!

பின்கட்டுப் பள்ள முற்றத்தில்... குளமாய் ரத்தம்.

பிணம்?

இல்லை!

"எங்க வூட்டுக்காரரை வெட்டிட்டான் சார்! அந்த சின்னராஜ்தான்... வெட்டி, தோள்ல போட்டுக்கிட்டு மைசூர் பார்டரைத் தாண்டிட்டான்!"

வீட்டுக்காரர் வெங்கடப்பன், புளி மண்டிக் கணக்கர். சின்னராஜ் அதே மண்டியில் மூட்டை தூக்குபவன். நேற்று மாலையிலிருந்து இருவரையும் காணோம்.

ஜீப்பில் வந்து இறங்கிய இன்ஸ்பெக்டர் அருள்ஜோசப்புக்கு அது போதும்.

"சின்னராஜ் பெண்டாட்டியை ஜீப்ல ஏத்து. புருஷன் எங்கேன்னு சொல்ற வரைக்கும் லாக்கப்!"

கூட்டத்தில் நின்ற சின்னராஜ் பெண்டாட்டி மாதம்மாள் கும்பிட்டாள்.

"சாமி, கோழி அறுத்தாலே எம்புருஷன் அந்தப் பக்கம் திரும்பிக்குமே!"

"கொலைகாரன் பெண்டாட்டிங்க எல்லாரும் இதையேதான் சொல்றாங்க. ஏறு!"

"கொஞ்சம் இருங்க சார்."

போலீஸோடு வந்த டாக்டர் ஜெபசீலி. முற்றத்து ஓரம் குந்தியிருந்தார்.

"ஒரு லிட்டர் அளவை வேணும்."

"எதுக்கு டாக்டரம்மா?"

"அளக்க."

கான்ஸ்டபிள் முனிராஜ், பால்காரி ரங்கம்மாவின் அளவையைப் பிடுங்கி வந்தார். முகத்தைத் திருப்பிக்கொண்டே, உறைந்ததையும் சேர்த்து மொண்டார். சரோஜம்மாள் வீட்டுச் சாக்கடை அடைத்துக்கொள்வது தெருவறிந்த சங்கதி. அன்றைக்குத்தான் அதனால் ஓர் உபகாரம்... ஒரு சொட்டு வெளியே போகவில்லை!

"ரெண்டே கால் லிட்டருங்கம்மா..."

"வெங்கடப்பன் எடை?"

"முப்பத்தெட்டு கிலோ!" என்றது தெரு, ஒரே குரலில். மண்டித் தராசில் அவரை ஏற்றிச் சிரித்த தெரு அல்லவா!

"அப்போ உடம்புல மொத்தமே ரெண்டரை லிட்டர் ரத்தம்தான்."

"சரியாத்தானே இருக்கு? அநேகமா எல்லாம் வந்துடுச்சு."

"எல்லாம் வராது சார். பாதி போனதுமே இதயம் நின்னுடும். மிச்சத்தை யாரு வெளியே தள்றது? இவ்வளவு கொட்டணும்னா, அவரு ரெண்டு தடவை செத்திருக்கணும்."

"ஒரு தடவைக்கே சோம்பல்படுற ஆளு!" என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

"மாதம்மா, உன் வீட்டுக்காரர் எடை?"

"எண்பத்தஞ்சுங்க."

"கொழுப்பா?"

"கொழுப்பு வைக்க எங்க வூட்ல சோறு ஏதுங்கம்மா? எல்லாம் மூட்டை தூக்கின உடம்பு."

"கொழுப்புல ரத்தம் கம்மி. உழைச்சு இறுகின உடம்புல அதிகம். அவருக்கு ஆறரை லிட்டர் தேறும். இவ்வளவு கொட்ட அவராலதான் முடியும்." டாக்டர் எழுந்தார். "வெட்டுப்பட்டது சின்னராஜ் சார்."

மாதம்மாள் அப்படியே சரிந்தாள்.

சரோஜம்மாளின் அழுகை சட்டென்று நின்றது. கண் மட்டும் ஒரே ஒரு தடவை... நெல் குதிர் பக்கம் போய் வந்தது.

முனிராஜ் மூடியைத் தூக்கினார்.

உள்ளே வெங்கடப்பன்! முப்பத்தெட்டு கிலோவுக்கு வசதியான இடம்தான்.

"பொணம் எங்கடா?"

"தெரியலைங்க! மண்டி மூட்டையை நான் திருடி வித்ததைக் கேக்க வந்தான். அரிவாளால தோள்ல ஒண்ணு போட்டேன், விழுந்தான். தூக்கிப் பார்த்தேன்... அசைக்கக்கூட முடியலை. வண்டி கொண்டாரப் போனேன். வந்து பார்த்தா ஆளைக் காணோம்!"

"அப்புறம்?"

"இவதான் சொன்னா... 'பொணம் இல்லாட்டி என்ன, நீங்களே பொணமா இருங்க'ன்னு."

வாசலில் சைக்கிள் சாய்ந்தது. ஸ்டேஷன் ரைட்டர், மூச்சிரைக்க...

"சார்! பார்டருக்கு அந்தப்பக்க ஆஸ்பத்திரியிலிருந்து போன்! வெட்டுக்காயத்தைத் துண்டால இறுக்கிக் கட்டிக்கிட்டு ஒருத்தன் லாரி ஏறி வந்தானாம். பேரு சின்னராஜ். ரத்தம் ஏத்தியிருக்காங்க. பொழைச்சுட்டான்... களி கேக்கறானாம்!"

டாக்டர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். "நாலு லிட்டருக்கு மேல கையிருப்பு இருந்திருக்கே."

மாதம்மாள் எழுந்தாள். கண்ணைத் துடைத்தாள். இன்ஸ்பெக்டரைப் பார்த்தாள்.

"ஜீப்ல ஏறுன்னீங்களே சார்... இப்ப ஏறட்டுங்களா?"

அருள்ஜோசப் தாமே கதவைத் திறந்துவிட்டார்.

ரங்கம்மா பழைய அளவையைத் திரும்ப வாங்கவே இல்லை. புதுசு வாங்கிவிட்டாள். இதில் மட்டும் பால் கொஞ்சம் குறைவாகத்தான் பிடிக்கிறது... அந்த ரத்தத்தை இதில் அளந்திருந்தால் லிட்டர் கணக்கு ஏறி, வெங்கடப்பன் மூன்று தடவை செத்திருப்பார்!