அந்தப் பக்கத்துச் சக்கரம்

மதியம் மழை வலுத்த நேரத்தில் அந்தச் சரக்கு வேனைக் கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். பின் ஆக்சிலுக்குள் பல்சக்கரத்தின் பல் நொறுங்கிப் போயிருந்தது. டிரைவரை எல்லோரும் மொட்டை என்றுதான் கூப்பிடுவோம், அவரும் கோபித்துக்கொள்வதில்லை. மடியில் ஒரு சாக்கு மூட்டையை வைத்து அணைத்துக்கொண்டிருந்தார். அதற்குள் வேறொரு வண்டியில் கழற்றிய டிஃப்ரன்ஷியல், பின் சக்கரம் இரண்டையும் சுழற்றும் பல்சக்கரத் தொகுதி, இருந்தது.

"சாயந்திரத்துக்குள்ள மாட்டிக் குடுத்துடுங்க. நல்லா கழுவிட்டுத்தான் கொண்டாந்திருக்கேன்."

"நீ கழுவுற லட்சணம் தெரியாதா? உன் வண்டியப் பாத்தாலே தெரியுதே" என்றேன்.

என் வீட்டுக்காரர் சிரித்தார். பட்டறையில் நாங்கள் இரண்டு பேர்தான். அவர் வண்டிக்கு அடியில் படுப்பார், நான் சக்கரத்தைச் சுற்றுவேன். கல்யாணமான நாளாக அவரை ஆட்டி வைப்பவள் நான்தான் என்று ஊர் சொல்வதில் கொஞ்சம் உண்மை உண்டு.

பின் சக்கரம் இரண்டையும் ஸ்டாண்டில் தூக்கி நிறுத்திவிட்டால் ஒரு வேடிக்கை நடக்கும். இந்தப் பக்கச் சக்கரத்தை முன்னால் சுற்றினால் அந்தப் பக்கத்துச் சக்கரம் பின்னால் சுற்றும். நடுவிலிருக்கும் பெரிய பல்சக்கரம், கிரவுன் வீல் என்போம், அது அசையாது. அதைச் சுழற்ற வேண்டுமானால் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டு மறு பக்கத்தைச் சுற்ற வேண்டும். அதற்காக அந்தப் பக்கத்துச் சக்கரத்தைக் கயிற்றால் கட்டிவிடுவோம். அவர் உள்ளே கைவிடும்போது மட்டும் கயிற்றை அவிழ்த்துவிடுவோம். நான் தவறிச் சுற்றினாலும் அவர் விரல் பிழைத்துக்கொள்ளும்.

அவருடைய விரல்கள்தான் எங்கள் சோறு.

மூட்டையைப் பிரித்தபோது மண்ணெண்ணெய் வாடையோடு வேறொரு வாடையும் வந்தது. பூட்டிய அறையில் எலி செத்துக் கிடந்தால் வருமே, அது. என் வீட்டுக்காரர் மூக்கைச் சுளித்தார். பழசைக் கழற்றி எறிந்தார். புதியதைத் தூக்கி உட்காரவைத்து போல்டுகளை முறுக்கினார். பல்லுக்குப் பல் சரியாகப் படுகிறதா என்று பார்க்க கிரவுன் வீலில் சிவப்புச் சாயம் தடவினார். நான் சுற்றினேன். தடம் நன்றாகத்தான் விழுந்தது.

"சாயத்தத் தொடச்சிடுறேன். கயிறு அவுத்தாச்சா?"

"ஆச்சு."

மொட்டை டீ வாங்கப் போயிருந்தார். தகரக் கூரையில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. என் வீட்டுக்காரர் கிழிந்த துணியோடு கையை உள்ளே விட்டார்.

என் பக்கச் சக்கரம் மெதுவாகப் பின்னால் நகர்ந்தது.

நான் தொடவில்லை.

அப்படியானால் அந்தப் பக்கத்தில் யாரோ சுற்றுகிறார்கள். டீயோடு திரும்பிவிட்டார் போல என்று நினைத்து, "மொட்டை, கைய எடு" என்றேன். சக்கரம் வேகம் எடுத்தது. அவர் கை உள்ளே இருக்கிறதே என்ற பதற்றத்தில் அதைப் பாய்ந்து இறுக்கிப் பிடித்தேன்.

அதைத்தான் நான் செய்திருக்கக் கூடாது.

பிடிக்காமல் விட்டிருந்தால் என் சக்கரம் வெறுமனே சுழன்றுகொண்டிருந்திருக்கும். நான் பிடித்ததால்தான் கிரவுன் வீல் சுழன்றது. உள்ளே ஏதோ நொறுங்கியது. அவர் கத்தின கத்தலில் மழைச் சத்தமே காதில் விழவில்லை. நான் இன்னும் இறுக்கிப் பிடித்தேன். அந்தப் பக்கத்தில் இருந்தது இன்னும் பலமாகச் சுற்றியது.

"விட்டுடு... சக்கரத்த விட்டுடு."

விட்டேன். சக்கரம் சர்ரென்று பின்னால் சுழன்று நின்றது. அவர் கையைப் பிய்த்துக்கொண்டு வெளியே உருண்டார். நடுவிரல், மோதிரவிரல், சுண்டுவிரல் மூன்றும் இல்லை. ரத்தம் என் முகத்தில் அடித்தது.

குனிந்து அந்தப் பக்கம் பார்த்தேன். ஈரத் தரையில் காலடி ஒன்றுகூட இல்லை.

டீ கிளாஸ்களோடு மொட்டை வாசலில் வந்து நின்றார். நான் வீல் ஸ்பேனரை எடுத்து அவர் தோளில் போட்டேன். கிளாஸ் உடைந்தது. இன்னொன்று போட்டேன். மண்டியிட்டார்.

"யாரோடதுய்யா நீ கொண்டாந்தது?"

"அடிக்காதீங்கக்கா. பழைய இரும்புக் கடையில எடுத்தது. ஒரு மெக்கானிக்கோட கை உள்ள மாட்டி விரல் துண்டாகி, ஆள் வர்றதுக்குள்ள ரத்தம் போயே செத்துட்டாராம். கூட இருந்தவன் பயந்து ஓடிட்டானாம். நான் கழுவிட்டேன்கா. மூணு தடவ கழுவிட்டேன்."

சண்டை போட நேரமில்லை. சத்தம் கேட்டு ஓடிவந்த பக்கத்து டயர் கடைக்காரர் என் வீட்டுக்காரரைத் தன் காரில் தூக்கிப் போட்டுக்கொண்டார். "விரல தேடி எடுத்துட்டு வாம்மா. சீக்கிரம் கொண்டுபோனா தெச்சிடுவாங்க" என்றார். மொட்டையும் தோளைப் பிடித்துக்கொண்டு பின் சீட்டில் ஏறிக்கொண்டார். பட்டறையில் நான் மட்டும் நின்றேன்.

தரையில் தேடினேன். எண்ணெய்த் தட்டில் தேடினேன். எங்கும் இல்லை. டார்ச்சை உள்ளே அடித்தேன்.

கிரவுன் வீல் பளபளவென்று இருந்தது. சாயம் இல்லை. ஒரு சொட்டு ரத்தம் இல்லை.

விரல்கள் அடியில்தான் விழுந்திருக்க வேண்டும். கையை விடாமல் எடுக்க முடியாது. அந்த விரல்கள் இல்லாமல் அவர் எப்படிப் பிழைப்பார், எப்படி என்னைப் பார்த்துச் சிரிப்பார்? மனத்தைக் கல்லாக்கிக்கொண்டு முழங்கைவரை விட்டேன்.

அந்தப் பக்கத்துச் சக்கரம் ஒரு சுற்று சுற்றி நின்றது.

"எடுத்துக்கோ" என்றது ஒரு குரல், என் காதருகில். களைத்துப்போன ஆம்பளைக் குரல்.

என் உள்ளங்கையில் ஏதோ வந்து விழுந்தது. கையை மூடி வெடுக்கென்று வெளியே இழுத்தேன். வாசல் வெளிச்சத்துக்கு ஓடிப்போய்த் திறந்து பார்த்தேன். அவருடைய விரல்கள்தான், மோதிரம்கூட அப்படியே இருந்தது.

அவருக்குப் போனது மூன்று. என் கையில் நான்கு இருந்தன.

நான்காவது, நகத்துக்கடியில் கிரீஸ் படிந்த தடித்த விரல், மெல்ல மடங்கி என் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டது.